பார்க்கிங் வரைக்கும் பாண்டிச்சேரி

மந்தாரக்குப்பம் ஷேக் தாவூதுக்குப் பாண்டிச்சேரியில் தெரியாத மரநிழல் கிடையாது. தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் வேப்பமரம் காலை பதினொரு மணி வரைதான் தாங்கும். அதன்பிறகு வண்டியின் மூக்கில் வெயில் விழும். ஆரோவில்லில் கடைசி வரிசையில் நிறுத்தினால் நான்கு மணி வரை கவலையில்லை. எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வரும், எந்தக் கடையில் இஞ்சி தட்டிப் போட்டு டீ தருவார்கள், எந்தச் சந்தில் வண்டியைத் திருப்ப முடியாது, எல்லாம் அத்துப்படி. ஊர் மட்டும் தெரியாது.

பத்தொன்பது வருடமாகச் சுற்றுலா வண்டி ஓட்டுகிறார். குறைத்துச் சொன்னாலும் நானூறு தடவையாவது பாண்டிச்சேரி போயிருப்பார். நானூறு தடவையும் வண்டியை விட்டு முப்பது அடிக்கு மேல் நகர்ந்ததில்லை.

அதற்கு அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. வாரநாளில் அவர் ஓட்டுவது ஷிப்ட் வண்டி. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களைக் கொண்டுபோய் வாசலில் இறக்குவார். முந்தின ஷிப்ட் ஆட்கள் குளித்து, துணி மாற்றி வெளியே வரும்வரை காத்திருப்பார். அந்த இடைவெளிதான் அவருடைய தூக்கம். இறக்கிவிட்டால் கண் மூடும். திரும்பி வரும் முதல் ஆள் கதவைத் தொட்டால் கண் திறக்கும். உடம்பு அப்படிப் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சுரங்க வாசலுக்குப் பதில் கோட்டை வாசல், கோயில் வாசல், கடற்கரை. உடம்புக்கு வித்தியாசம் தெரியவில்லை. சுற்றுலா வந்தவர்களும் இத்தனை வருடத்தில் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். "டிரைவர் அண்ணே, பை எல்லாம் உள்ள இருக்கு, பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டார். பைகளை.

சிக்கல் வீட்டில் ஆரம்பித்தது. முதல் டிரிப் முடித்து வந்த அன்று, கல்யாணமாகி ஆறு மாதமே ஆன சைபுன்னிசா தட்டில் சோற்றை வைத்துவிட்டு ஆசையாக எதிரில் உட்கார்ந்து, "பாண்டிச்சேரி எப்படிங்க இருந்திச்சி?" என்று கேட்டாள். வேப்பமர நிழல் நன்றாக இருந்தது என்று புது மனைவியிடம் எப்படிச் சொல்வது? திரும்பும் வழியில் பின்சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்ததை எடுத்துவிட்டார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். அடுத்த தடவையும் கேட்டாள். அப்புறம் அது ஒரு பழக்கமாகிவிட்டது. பயணிகள் பேசுவதில் பாதி காற்றில் போகும், பாதி ஹாரனில் போகும். விட்டுப்போன இடங்களை ஷேக் தாவூத் தாமே இட்டு நிரப்பினார். அதில் அவருக்குத் தனித் திறமையே இருந்தது; படிப்பில் அதில் பாதி இருந்திருந்தால் பத்தாவது தேறியிருப்பார்.

சைபுன்னிசா தையல்காரி. டவுன்ஷிப் பெண்கள் பாதிப் பேருக்கு அவள்தான் ரவிக்கை தைக்கிறாள். அளவு எடுக்கும்போது சும்மா எடுக்க முடியுமா? இன்ச் டேப்போடு சேர்த்துப் பாண்டிச்சேரியையும் சுற்றி எடுத்தாள். விளைவு, போன புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழம வேற டிரிப் ஒத்துக்காதீங்க. பன்னண்டு பேரு பாண்டிச்சேரி போறோம். நம்ம வண்டிதான். தனியா கைடு வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன் வேணாம்?"

"நீங்க இருக்கறப்ப கைடு எதுக்கு? எங்க வூட்டுக்காரரு பாண்டிச்சேரிய கரைச்சிக் குடிச்சவருன்னு சொல்லியிருக்கேன். திலகவதி டீச்சரே வர்றாங்க."

ஷேக் தாவூத் உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்தார். பிரேக் சரியில்லை என்றார். மழை வரும் என்றார். சித்திரை மாதத்தில் அது எடுபடவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தபோது அவள், "என் பேர காப்பாத்திடுங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள். வாயைத் திறந்தது வீணாகக் கூடாதென்று ரசத்தைக் குடித்தார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. முன்சீட்டில் சைபுன்னிசா, பச்சைப் புடவையில், தலையில் முக்காட்டைச் சரிசெய்தபடி, கப்பல் தலைவனின் மனைவி போல உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் திலகவதி டீச்சர். எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவர். மடியில் கோடு போட்ட நோட்டு. அதற்குப் பின்னால் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சரிதா. அவள் வாய்க்கு டவுன்ஷிப்பே பயப்படும். கடைசிச் சீட்டில் கேன்டீனில் பாத்திரம் கழுவும் கலியம்மாள், முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு.

வடலூர் தாண்டியதும் டீச்சர் பேனா மூடியைத் திறந்தார். "தாவூத் பாய், திங்கக்கிழம பசங்களுக்குச் சொல்றதுக்காகத்தான் எழுதிக்கறேன். மொதல்ல எங்க போறோம்?"

"அரிக்கமேடுங்க டீச்சர்."

"போன்ல தேடிப் பாத்தேன், ஒண்ணொண்ணுல ஒரு மாதிரி போட்டிருக்கு. நேர்ல பாத்தவங்க சொன்னாத்தான் நம்பிக்கை."

நேரில் பார்த்தவர் கியரை மாற்றினார். அரிக்கமேட்டைப் பற்றிப் பின்சீட்டுகளிலிருந்து இத்தனை வருடத்தில் அவர் பொறுக்கிய ஒரே உறுதியான தகவல், அது ‘ரோமன்’ காலத்து இடம் என்பது. ரோமன் என்றால் அவருக்குத் தெரிந்தது ரோமன் கத்தோலிக்கம்தான். தெருவில் நான்கு வீடு ஆர்.சி. காரர்கள் இருக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுப்பார்கள். ஆகவே கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "அது ரெண்டாயிரம் வருசத்து ஆர்.சி. கோயிலுங்க. சாமியாருங்க தங்கின மடமும் உண்டு."

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி ஆர்.சி. ஏது?" என்று டீச்சர் மெல்லக் கேட்டார்.

"அதான டீச்சர் ஆச்சரியம்!" என்றார் ஷேக் தாவூத். டீச்சர் ஆச்சரியக்குறி போட்டுக்கொண்டார்.

அரியாங்குப்பத்தில் திரும்பி, மாந்தோப்புகளுக்கு நடுவே வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். வேறு வழியில்லாமல் அவரும் இறங்கினார். முப்பதாவது அடியைத் தாண்டும்போது கால் கூசியது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாததால் எல்லோரையும் முன்னால் போகவிட்டு, கலியம்மாளின் முழங்காலுக்கு மரியாதை செய்வதைப் போலப் பின்னால் நடந்தார்.

போய்ப் பார்த்தால் கோயிலும் இல்லை, குளமும் இல்லை. புதருக்கு நடுவே இடிந்த செங்கல் சுவர்.

சரிதா சுவரைப் பார்த்தாள். திரும்பி ஷேக் தாவூதைப் பார்த்தாள். "அண்ணே, ரெண்டாயிரம் வருசமா இதத்தான் இடிச்சிக்கினு இருக்காங்களா?"

சைபுன்னிசாவின் முகம் சுருங்கியதை அவர் கண்டார். அப்போது அந்தப் பக்கம் ஆடு ஓட்டி வந்த ஒரு பெரியவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். கூப்பிட்டது அவரிடம் கேட்க அல்ல, பேச்சை மாற்ற. ஆனால் டீச்சர் முந்திக்கொண்டு, "ஐயா, இது என்ன சுவர்?" என்று கேட்டுவிட்டார்.

"இதுங்களா? பாதிரியாருங்க தங்கின மடம்னு சொல்லுவாங்க" என்றார் அவர். "எரநூத்தம்பது வருசம் இருக்கும். ரோமாபுரி சாமானுங்க எல்லாம் மண்ணுக்கு அடியில கெடச்சிது, மேல ஒண்ணும் இல்ல."

கலியம்மாள் கையைத் தட்டினாள். "பாத்தியா! மடம்னு தம்பி அப்பவே சொல்லிச்சி!"

டீச்சர் நோட்டில் ஏதோ அடித்துத் திருத்திக்கொண்டு, "வருசந்தான் கொஞ்சம் கலந்துடிச்சி பாய்" என்றார்.

"மேலயும் கீழயும் சேத்துச் சொன்னேங்க" என்றார் ஷேக் தாவூத். சைபுன்னிசாவின் தலை நிமிர்ந்துவிட்டது. இடிந்த சுவருக்கு மனத்துக்குள் நன்றி சொல்லிவிட்டு அவர் வண்டிக்கு நடந்தார். குருட்டு அதிர்ஷ்டம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதிர்ஷ்டத்துக்கு ஒரு கெட்ட குணம். நான்கு நிமிடம் கழிந்ததும் அது திறமை மாதிரியே தெரிய ஆரம்பித்துவிடும்.

ஊருக்குள் நுழைந்ததும் அவரைப் பிடிக்க முடியவில்லை. வெள்ளைக்காரத் தெருக்கள் நேர்க்கோட்டில் இருப்பதைப் பார்த்து, நெய்வேலி பிளாக்குகளைப் பார்த்துத்தான் இப்படிப் போட்டார்கள் என்றார். எது முந்தியது என்று சரிதா கேட்பதற்குள் தேவாலயத்தின் சிவப்புக்குக் காரணம் சொன்னார். அந்தக் காலத்தில் நெல்லிக்குப்பம் வெல்லப்பாகைச் சுண்ணாம்பில் கலந்து பூசினார்களாம். பூங்காவில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபத்துக்கு வந்தபோது அவருடைய கற்பனை கரை புரண்டது.

"கவர்னரு புள்ளைங்கள வளத்த ஆயா ஒருத்தங்க. அவங்க செத்ததும் புள்ளைங்க சாப்பிடவே மாட்டேன்னுடிச்சாம். அதுக்காவ கட்டினது இது."

"ஐயோ பாவம்" என்றாள் கலியம்மாள்.

டீச்சர் ‘ஆயா மண்டபம்’ என்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட்டார். சைபுன்னிசா பெருமை தாங்காமல் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு வெளியூர்க் குடும்பத்திடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதியம் கடலூர் சாலையில் வழக்கமான ஓட்டலுக்கு வண்டியை விட்டார். வண்டியை ரிவர்ஸில் திருப்பி, மூக்கு வெளியே பார்க்க நிறுத்தினார். பெண்கள் முன்வாசலால் உள்ளே போனார்கள். ஷேக் தாவூத் சாவியை இடுப்பில் செருகினார்; கட்டடத்தைச் சுற்றினார்; பின்பக்கம் தகரக் கொட்டகையில் மற்ற டிரைவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தார். ஆட்களைக் கூட்டிவரும் டிரைவர்களுக்கு ஓட்டல்காரர்கள் அங்கேதான் தனியாகச் சாப்பாடு போடுவார்கள். கால்கள் தாமாக வந்துவிட்டன. இன்றைக்குத் தாம் கைடு, முன்னால் மனைவி தமக்காக ஒரு நாற்காலி பிடித்து வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் இரண்டாவது கரண்டி சாம்பாருக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் சைபுன்னிசா தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள்.

"இங்க இன்னாங்க பண்றீங்க?"

அவர் வாயில் சோறு. பரிமாறும் மாடசாமிதான் பதில் சொன்னான். தென்காசிப் பக்கத்துக்காரன், பேச்சுக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டான். "நீங்க பாய் வீட்டம்மாவா? உக்காருங்கக்கா. பாய்க்கு எப்பவும் இந்த மூலதான். சாப்ட்டு வண்டில படுத்தாருன்னா சாயங்காலம் நான் டீ கொண்டு போய் எழுப்பினாத்தான் உண்டு."

"ஊர சுத்திப் பாக்கப் போமாட்டாரா?"

"யாரு, பாயா? எட்டு வருசமா பாக்கேன், வண்டிய விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகந்ததே இல்லக்கா. அப்படி ஒரு பொறுப்பு!"

ஷேக் தாவூத் வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். ஒரு பாராட்டு இவ்வளவு வலித்ததில்லை.

சைபுன்னிசா அவருடைய இலையைப் பார்த்தாள். "மோர் ஊத்திக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஏறியபோது முன்சீட் காலியாக இருந்தது. அவள் கடைசிச் சீட்டில் கலியம்மாளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியில் பச்சைப் புடவையின் ஓரம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார், அப்போதும் தெரியவில்லை.

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பார். சண்டைக்குப் பதில் சொல்லிப் பழக்கமுண்டு. மோர் ஊற்றிக்கொள்ளச் சொன்னவளிடம் என்ன பேசுவது?

ஆறு மணிக்குக் கடற்கரை. அந்த நேரத்துக்கு மேல் வண்டியைக் கடற்கரைச் சாலைக்குள் விடமாட்டார்கள் என்பதால் பின்தெருவில் நிறுத்திவிட்டு எல்லோரும் நடந்து வந்தார்கள். கருங்கல் பாறைகளில் அலை மோதியது. பன்னிரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்ததும் திலகவதி டீச்சர் நோட்டைத் திறந்தார்.

"பாய், ஒரு தடவ படிக்கிறேன், சரியான்னு சொல்லிடுங்க. நாளைக்குப் பசங்க நோட்டுல ஏறப்போவுது. ஒண்ணு, பாண்டிச்சேரித் தெருக்கள் நெய்வேலி மாதிரியில அமைஞ்சவை. ரெண்டு, தேவாலயத்தின் சிவப்பு நெல்லிக்குப்பம் வெல்லத்தால வந்தது. மூணு, ஆயா மண்டபம், கவர்னரின் பிள்ளைகளை வளர்த்த..."

டீச்சரின் குரல் வகுப்பறைக் குரல். அந்தக் குரலில் கேட்டபோதுதான் ஷேக் தாவூதுக்குத் தாம் சொன்னதெல்லாம் எவ்வளவு கண்றாவி என்று உறைத்தது. எட்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பரீட்சையில் ‘வெல்லம்’ என்று எழுதி நாற்பது பேரும் முட்டை வாங்குவார்கள். கணிதத்தில் தாம் வாங்கிய முட்டை தம்மோடு போகட்டும்; சமூக அறிவியலில் ஒரு வகுப்புக்கே வாங்கித் தர வேண்டுமா?

சைபுன்னிசா கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆனால் காது இந்தப் பக்கம் இருந்தது. ‘ஆமாம் டீச்சர்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுடைய பேர் பதினோரு பேருக்கு முன்னால் நிற்கும். அவளுக்கு உண்மை தெரியும் என்பது யாருக்கும் தெரியவராது. புதன்கிழமை அவள் கேட்டதும் அதைத்தான்.

"அடிச்சிடுங்க டீச்சர்" என்றார்.

"எத?"

"எல்லாத்தையும். நான் பாண்டிச்சேரிய பாத்ததே இல்லீங்க."

சரிதா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்தினாள். "அண்ணே, மாசம் ரெண்டு தடவ இங்கதான வர்றீங்க?"

"வர்றேன். வண்டியில படுத்துத் தூங்கறேன். இவங்க அவங்க பேசறத வூட்டுல வந்து சொல்லுவேன். தெரியாத எடத்துல நானா சேத்துப்பேன். ரோமன்னா ஆர்.சி.ன்னு நெனச்சேன். வெல்லம், ஆயா எல்லாம் இன்னிக்கிக் காலையில வந்தது." நிறுத்தினார். "சைபுன்னிசா மேல தப்பு இல்ல. நான் சொன்னத நம்பிட்டுது."

டீச்சர் கோபிக்கவில்லை. பக்கத்துக்குக் குறுக்கே ஸ்கேல் வைத்ததுபோல நேராக ஒரு கோடு போட்டார். பின், போனை எடுத்துத் தேடி, "ஆயிங்கறது ஒரு பொண்ணு பேராம் பாய். தண்ணிக்குக் குளம் வெட்டிக் குடுத்தவன்னு கதை சொல்றாங்க" என்றார். "பத்தொம்பது வருசம் வந்துருக்கீங்க. ஒண்ணுமேவா பாக்கல?"

"திரும்பி வர்றவங்களத்தான் பாத்துருக்கேன். ஆரோவில் போய்ட்டு வர்றவங்க பத்து நிமிசம் பேசமாட்டாங்க. அப்பறம் யாராச்சும் ‘டீ’ம்பாங்க, வண்டியே பேச ஆரம்பிச்சிடும். அரிக்கமேட்டுலேருந்து வர்றவங்க என்னியத் திட்டுவாங்க, நான்தான் இடிச்ச மாரி. கடக்கரைலேருந்து வர்றவங்க காலு பூரா மணலு. அத கூட்டறதுதான் எனக்குத் தெரிஞ்ச பாண்டிச்சேரி."

கலியம்மாள் முதலில் சிரித்தாள். பல் போன சிரிப்பு. அது வரிசையில் ஒவ்வொருத்தியாகப் பரவியது. சரிதா மட்டும் சைபுன்னிசா பக்கம் திரும்பினாள்.

"ஏங்க்கா, ஒவ்வொரு தடவயும் கைக்கு அளவெடுக்கறப்ப எவ்ளோ கத சொன்னீங்க! எங்க கடையில, எங்க வூட்ல எல்லாம் நான் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப நான் இன்னா பண்றது?"

ஷேக் தாவூத் இதற்காகத்தான் பயந்தார்.

சைபுன்னிசா கடலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "போன தீபாவளிக்கு உன் ரவிக்கயில கை இறுக்கமா இருந்திச்சின்னு கொண்டாந்தியே, நான் இன்னா பண்ணேன்?"

"பிரிச்சித் தெச்சிக் குடுத்தீங்க."

"ஏதாச்சும் பேசினேனா?"

"இல்ல."

"அப்ப இதயும் பிரிச்சித் தெச்சிக் குடுக்கறேன். தெச்சவரு இங்கதான நிக்கிறாரு." அவள் எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். கணவரைப் பார்த்தாள், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் தடவையாக. "ரோமன்னா ஆர்.சி.யா? பத்தொம்பது வருசமா நான் நம்ம தெரு பிலோமினா அக்காகிட்ட உங்க கோயிலுதான் அது, ஒரு தடவ போய்ட்டு வாங்கன்னு சொல்லிக்கினு இருக்கேன்!"

"போனாங்களா?" என்று ஷேக் தாவூத் பயத்தோடு கேட்டார்.

"போன வருசம் குடும்பத்தோட போய் மெழுவத்தி ஏத்திட்டு வந்துட்டாங்க."

இந்த முறை சரிதாவும் சிரித்துவிட்டாள். கைப்பிடிச் சுவரே அதிர்ந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஷேக் தாவூதுக்குச் சிரிப்பு வந்த அதே வேகத்தில் அந்த மெழுகுவத்திகளும் கண்ணில் வந்தன. ஆட்டுக்காரர் என்ன நினைத்திருப்பார்?

"நடங்க" என்றாள் சைபுன்னிசா.

"எங்க?"

"தெரியாதுல்ல? அதான் நடங்க."

வண்டியை அப்படியே விட்டுவிட்டு வருவதா என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது. கடற்கரைச் சாலையில் பன்னிரண்டு பெண்களுக்கு நடுவே நடந்தார். பாதை நீளமாக இருந்தது. காற்று நன்றாக இருந்தது. இதைப் பற்றி யாரும் பின்சீட்டில் சொன்னதில்லை, அல்லது சொன்னபோது அவர் ஹாரன் அடித்திருக்கிறார்.

"அண்ணே, அது இன்னா செல?" என்றாள் சரிதா, வேண்டுமென்றே.

"தெரியலம்மா."

"அந்தக் கொடி?"

"தெரியல."

"கடலாவது தெரியுமா?"

"இப்பதான் பாக்கறேன்."

தூண்கள் வைத்த ஒரு பழைய மஞ்சள் கட்டடம் வந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. டீச்சர் பேனாவை எடுத்துக்கொண்டு ஆவலோடு அவர் முகத்தைப் பார்த்தார், பழக்கதோஷம். வெல்லத்துக்குச் சமமான ஏதோ ஒன்று ஷேக் தாவூதின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினார். சாலையோரம் ஐஸ்கிரீம் வண்டி வைத்திருந்த ஆளிடம் நேராகப் போனார்.

"இந்தக் கட்டடம் இன்னா கட்டடங்க?"

ஐஸ்கிரீம்காரர் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். புதிதாக முளைத்ததைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நான் விருத்தாசலங்க" என்றார். "பத்து வருசமா இதே எடத்துலதான் வண்டி போட்டுக்கினு இருக்கேன். உள்ள போனதில்ல. போறவங்க வர்றவங்க ஏதோ கச்சேரின்னு பேசிக்குவாங்க."

"பாட்டுக் கச்சேரியா, கோர்ட்டுக் கச்சேரியா?"

அவர் யோசித்தார். "ரெண்டும்னு வெச்சிக்கங்களேன்" என்றார்.

ஷேக் தாவூத் அந்த ஆளின் தோளில் கையைப் போட்டார். "வண்டிய பூட்டுங்க" என்றார். "எங்களோட உள்ள வாங்க."